பத்தாவதில் செத்தவன் இரண்டாவதில் மாப்பிள்ளை

சவுண்டக்கா என்று பெயர்தானே தவிர, அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்கே பாதிதான் கேட்கும். பார்வையற்றோர் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்ததால் வந்த பெயர் அது. ஆர்வமுள்ளவர்கள் வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து புத்தகங்களை வாசித்துவிட்டுப் போவார்கள். பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறந்து, சின்னக் கோப்பாக மாற்றி, வரிசை எண் போட்டு, மெமரி கார்டில் ஏற்றுவது அவள் வேலை. அதே பட்டன்களை நாளெல்லாம் அமுக்கியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த நாத்தனார், சவுண்டக்காவின் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். நாத்தனார் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள்.

"என்ன அண்ணி, அண்ணனை ரெண்டு போட்டீங்களா?"

"போட்டிருந்தா மனசாவது ஆறியிருக்கும். இது மவுஸ் பண்ணின வேலை."

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனார் சிரித்தாள். "தினம் ஒரே வேலைதானே? கட்டளைகளை ஒரு ஃபைல்ல வரிசையா எழுதி வெச்சுட்டா அதுவே செஞ்சுட்டுப் போகுது. ஷெல் ஸ்கிரிப்ட்னு சொல்வாங்க."

லேப்டாப்பில் கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தார்கள். இந்தக் கோப்பை ஷெல் என்ற புரோகிராம்தான் படிக்க வேண்டும் என்று முதல் வரி. 'வணக்கம்' என்று காட்டச் சொல்லி அடுத்த வரி. சேமித்துவிட்டு, சவுண்டக்கா ./vanakkam.sh என்று அடித்தாள். அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

"என் கம்ப்யூட்டர், நானே எழுதினது. எனக்கே பர்மிஷன் இல்லையா?"

"எழுதினா மட்டும் போதாது அண்ணி. இதை ஓட்டலாம்னு நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

அனுமதி கொடுக்கும் கட்டளையாக chmod +x vanakkam.sh என்று அடித்து மறுபடி ஓட்டினாள். திரையில் வணக்கம் வந்தது. அவளும் தன்னை அறியாமல் "வணக்கம்" என்றாள். "யாரு வந்திருக்கா?" என்று சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

அந்த வாரமே வேலைக்கான ஸ்கிரிப்ட் ஒன்றைத் தட்டுத்தடுமாறி எழுதிவிட்டாள். தடித்த நாவல் ஒன்றின் ஒலிக்கோப்புகளை அதனிடம் கொடுத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே திரையில் வரிகள் ஓடுவதை வேடிக்கை பார்த்தாள். கார்டு அன்றைக்கே தபாலில் போயிற்று.

இரண்டொரு நாளில் ஃபோன் வந்தது. டெலிஃபோன் ஆபரேட்டராக இருக்கும் ஒரு வாசகர்.

"அக்கா, ஒரு சந்தேகம். பத்தாவது அத்தியாயத்துல செத்துப்போனவன், ரெண்டாவதுல மாப்பிள்ளையா வந்து நிக்கிறானே. பேய்க்கதையா?"

சவுண்டக்கா உடனே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கோப்புகளைத் திறந்து பார்த்தாள். 1, 10, 11, 12, அதற்குப் பிறகுதான் 2. கம்ப்யூட்டர் எண்களை எழுத்துகளைப் போல ஒவ்வொன்றாகப் படித்து, ஒன்றில் தொடங்குவதையெல்லாம் முன்னால் வைத்திருந்தது. நாத்தனாரைக் கூப்பிட ஃபோனை எடுத்தவள், கீழே வைத்துவிட்டாள். ஒற்றை இலக்க எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கும்படி ஒரு வரி எழுதினாள். முதலில் வெற்றுக் கோப்புகள் சிலவற்றில் ஓட்டிப் பார்த்தாள். 01, 02 என்று ஒழுங்காக நின்றன. புதுக் கார்டு அனுப்பி, சில நாள் கழித்து அந்த வாசகரைக் கூப்பிட்டாள்.

"இப்ப சரியான நேரத்துலதான் சாகுறானா?"

"சாகுறான் அக்கா. ஆனா அவன் கல்யாணத்துல எனக்குத்தான் அழுகையா வருது!"

மணிக்கட்டில் இப்போது கட்டு இல்லை. மதியங்களில் அவளே கண்ணாடி அறைக்குள் போய் ஒரு கடற்பயணக் கதையை வாசிக்கிறாள். எட்டு அத்தியாயம் ஆகியும் கப்பல் கிளம்பவில்லை. அவளுக்கும் அவசரமில்லை.