அறுபத்து நாலு வெள்ளைப் புள்ளிகள்

வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் எங்கள் தொழில். அது பதில் சொல்லாது, எண் சொல்லும்.

இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதல். ஈப்போவில் ஒரு நில அளவை அலுவலகத்தில் ப்ரோக்ராம் எழுதினேன். எழுபதுகளின் கடைசியில் நுழைந்தேன், எண்பதுகள் முழுக்க அங்கேதான். தோட்டங்களின் வான்படங்களை வரைபடமாக்குவது வேலை. நான் எழுதிய ஒரு ப்ரோக்ராம், சுங்காய் பக்கம் எட்டாங்கட்டைத் தோட்டத்து இடுகாட்டைப் படத்திலிருந்து துடைத்துப் போட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முன்கதை கொஞ்சம் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலை இல்லாத மரம்

ஆரம்பத்தில் எங்களிடம் கம்ப்யூட்டரே கிடையாது. கோலாலம்பூரில் ஒன்று வாடகைக்கு ஓடியது. ப்ரோக்ராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. ஓட்டை போட்டு, பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன். படச்சுருளும் கூடவே போகும். அங்கே அதைப் புள்ளி புள்ளியாக எண்ணாக்கி, ப்ரோக்ராமை ஓட்டி, விடையைத் தாளில் அடித்து அனுப்புவார்கள். மூன்று நாள் காத்திருந்தால் வந்து சேரும் முதல் விடை, நாற்பதாவது வரியில் ஒரு காற்புள்ளி இல்லை என்பதாக இருக்கும். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

காடு எது, ரப்பர் எது, வெறுந்தரை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எழுதினேன். ஓடியது. சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாதியை வெறுந்தரை என்று சொன்னது. நான் நம்பினேன். படம் எடுத்தது பிப்ரவரியில். ரப்பர் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிற மாதம். தோட்டத்தில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். வரைபடத்தை வாங்கிப் பார்த்த அந்தத் தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இன்னிக்குக் காலையில எங்க சனங்க பால் வெட்டுனது எந்த மரத்துல தம்பி?"

ஒரு கூரையைக் காட்டினால்

பிறகு எங்களுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பீரோ அளவு. அதற்கு மட்டும் ஏர்கான். எங்களுக்கு ஃபேன்.

முதலாளி லியோங், லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். அவருக்கு ஓர் ஆசை. ஒரு கூரையைக் காட்டினால் அதுபோல இருக்கிற எல்லாக் கூரையையும் கம்ப்யூட்டரே படத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுகிற ப்ரோக்ராமை எழுதி, மாதிரிக்கு ஒரு தோட்டத்து ஆபீஸின் புதுத் தகரக் கூரையைக் கொடுத்தேன். துரை பங்களாவைப் பிடித்தது. ஆபீஸைப் பிடித்தது. ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வெயிலில் மின்னிய ஈயக்குட்டை நாலையும் வீடு என்றது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தத் தகரமெல்லாம் துருப்பிடித்து மண் நிறமாகிக் கிடந்தது.

வரைபட மேசையில் கோடு இழுக்கிற ஜைனப் வந்து திரையைப் பார்த்தாள். வாய் நீளம். மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"புதுக் கூரை போட்டவங்கதான் உங்க மெஷினுக்கு மனுஷங்களா, அந்தோணி?"

துருப்பிடித்த கூரை ஒன்றையும் மாதிரியில் சேர்த்தேன். லயம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

துடைப்பம்

படச்சுருளில் தூசி உட்காரும். எண்ணாக்கும்போது அது வெள்ளைப் புள்ளியாக விழும். ஒரு படத்தில் நூறு இருநூறு. ஜைனப் ஒவ்வொன்றாகக் கையால் அழிப்பாள். கண் போய்விடும் என்றாள். சரி என்று ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய ஒரு முழம். பத்துப் புள்ளிக்குக் குறைந்த வெள்ளைத் திட்டு எதைக் கண்டாலும் தூசி என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். அதற்குத் துடைப்பம் என்று பேர் வைத்தேன்.

படம் கழுவி விட்டாற்போல் வந்தது. எனக்கே பெருமைதான். லியோங் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். பாராட்டு அவர் வாயில் சுலபமாக வராது; பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' மட்டும் தவறாமல் வரும்.

"இனிமே யோசிக்க வேணாம் லா. எல்லாப் படத்தையும் இதுல பெருக்கிடு."

யோசிக்கவில்லை. அதுதான் தப்பு.

எட்டாங்கட்டை

எட்டாங்கட்டைத் தோட்டத்தைப் புதுக் கம்பெனி ஒன்று வாங்கியது. ரப்பரை முழுக்கத் தள்ளிவிட்டு எண்ணெய்ப்பனை நடப்போகிறார்கள். அதற்கு எங்கள் வரைபடம் வேண்டும். விட வேண்டிய இடம் என்று அதில் எதைக் குறித்திருக்கிறதோ அதை விட்டு, குறிக்காததை எல்லாம் புல்டோசர் தள்ளும். லயத்து ஆட்களுக்கு வேறு இடத்தில் வீடு என்று பேசி முடித்திருந்தார்கள். கோயிலுக்கும் இடம் சொல்லியிருந்தார்கள். இடுகாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய வரைபடத்திலும் அது கிடையாது. வெள்ளைக்கார துரை காலத்தில் செத்த கூலிக்கு யார் கோடு போட்டார்கள்.

எங்களிடம் சங்கிலி பிடித்து அளக்கிற முனியாண்டி அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். வரைபடம் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தபோது குனிந்து பார்த்தான். பால் வெட்டுகிற ஏழாம் நம்பர் வெட்டுக்குப் பின்னால், ஓடைக் கரையில் விரலை வைத்தான். வெள்ளைத் தாள். விரலை எடுக்கவே இல்லை. இங்கே என்ன என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் தோட்டமே போய்ப் புல் செதுக்கி, குழிமேடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் படைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான். விமானம் பறந்தது அதற்கு மறுநாள். ஒரு குழிமேடு ஆறு புள்ளி, ஏழு புள்ளி தேறும். பத்துக்குக் குறைவு.

எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு ப்ரோக்ராம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"எங்கப்பாவத் துடைச்சிட்டீங்களாண்ணே?"

நாதன்

துடைக்காத மூலப் படத்தை எடுத்தேன். ஓடைக் கரையில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. லியோங்கிடம் காட்டினேன். அவர் கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனியிலிருந்து நாதன் என்று ஓர் அதிகாரி வந்தார். நம்ம ஆள்தான். கழுத்துப் பட்டி, மடிப்புக் கலையாத சட்டை.

கையில் பழைய வான்படம் ஒன்று கொண்டுவந்திருந்தார். ஜூன் மாதம் எடுத்தது. ஓடைக் கரையில் ஆளுயர லாலாங் புல், வேறொன்றும் தெரியவில்லை. இந்த இடத்தில் இடுகாடு என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது என்றார். தோட்டத்து ஆட்கள் சொல்வதைக் கேட்டு வரைபடம் போடுவதாக இருந்தால் கம்ப்யூட்டர் எதற்கு என்றும் கேட்டார். முனியாண்டி கதவுப் பக்கம் சங்கிலியோடு நின்றான். அவன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"ஜூன்ல இல்லாதது நவம்பர்ல எப்படி முளைக்கும், மிஸ்டர் அந்தோணி? உங்க ப்ரோக்ராமே தூசின்னு சொல்லிருச்சு. நீங்க எதுக்கு அதோட சண்டை போடறீங்க?"

ரெண்டாவது படம்

ஆனால் ஒரு விஷயம் நாதனுக்குத் தெரியாது. விமானம் பறக்கும்போது படங்களை ஒட்டி ஒட்டி எடுக்காது, ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் விழும்படி எடுக்கும். அதே ஓடைக் கரை அடுத்த படத்திலும் இருக்கும். தூசி ஒரு படத்தில்தான் உட்காரும். அடுத்த படத்தில் அதே இடத்தில், அதே உருவத்தில், அதே இடைவெளியில் போய் உட்காராது.

கூரை தேடுகிற ப்ரோக்ராமைப் பிரித்தேன். முதல் படத்தின் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது படத்தில் தேடச் சொன்னேன். நாலு நாள் பிடித்தது. இருநூற்றுச் சொச்சம் புள்ளியில் முக்கால்வாசி ஜோடி இல்லாமல் போனது. அதுதான் தூசி. ஜோடி கிடைத்தவை அறுபத்து மூன்று. எல்லாம் ஓடைக் கரையில்.

முனியாண்டியைக் கூப்பிட்டேன். எண்ணிக்கையைச் சொல்லாமல், அங்கே எத்தனை பேர் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பேர் பேராகச் சொல்லி விரல் மடக்கினான். அறுபத்து நாலு. மறுபடி எண்ணச் சொன்னேன். அறுபத்து நாலுதான். ஒன்று குறைகிறது என்றேன். யோசித்தான். பிறகு சிரித்தான். அந்த வாரம் முழுக்க அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

"அது பழைய கங்காணிண்ணே. செத்து முப்பது வருஷம் ஆச்சு. அவருக்கு யாரு சுண்ணாம்பு அடிப்பா?"

கையெழுத்து

நாதன் மறுபடி வந்தார். இரண்டு படத்தையும், மேடு பள்ளம் எழுந்து நிற்கும்படி ஒன்றாக்கிக் காட்டுகிற இரட்டைக் கண்ணாடியின் கீழே வைத்து, பாருங்கள் என்றேன். குனியவே இல்லை. துடைப்பத்தை இன்னொரு தடவை ஓட்டி, சுத்தமான படத்தைக் கொடுங்கள் என்றார். துடைப்பத்தை அழித்துவிட்டேன் என்றேன். நிஜம்தான். காலையில் வந்ததும் முதல் வேலையாக அழித்தேன். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்றார். எழுதட்டும், வரைபடத்தில் கையெழுத்தையும் அவரே போடட்டும் என்றேன். லியோங்கைப் பார்த்து, என்னை வேலையை விட்டு எடுக்கலாம், புள்ளியை எடுக்க முடியாது என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

லியோங் கண்ணாடியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, வரைபடத்தைச் சுருட்டி நாதன் கையில் கொடுத்தார். கங்காணியும் வரைபடத்துக்குள் இருந்தார். முந்தின நாள் முனியாண்டி போய்ச் சங்கிலி பிடித்து அளந்து வந்து கொடுக்க, அந்த ஒரு புள்ளியை நான் கையால் சேர்த்திருந்தேன்.

"உங்க முதலாளி கேட்டா கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு சொல்லுங்க லா. அதை யாரும் திட்ட மாட்டாங்க."

சுண்ணாம்பு வாளி

அந்தக் கம்பெனி எங்களுக்கு அடுத்த வேலை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம்.

மறு வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் முனியாண்டி என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். லயம் இல்லை. ரப்பர் ஒரு மரம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் முழங்கால் உயரப் பனங்கன்று. ஓடைக் கரையில் மட்டும் புல்டோசர் தடம் நேராக வந்து, வரைபடத்தில் ஜைனப் இழுத்த கோட்டில் திரும்பியிருந்தது. எங்கெங்கோ குடிபோன சனங்கள் வாளியும் பிரஷ்ஷுமாக வந்திருந்தார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்கும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்கள்.

முனியாண்டி அவன் அப்பாவுக்கு அடித்து முடித்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போனான். புல் மூடிக் கிடந்த கங்காணி மேட்டைச் செதுக்கினான். ஒரு கிழவி, அந்த ஆளுக்கு எதுக்குடா என்று அங்கிருந்தே அதட்டினாள். கங்காணியிடம் உதை வாங்கிய குடும்பமாம். அவன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. இரண்டு கை அழுத்தமாக அடித்துவிட்டு, அவளுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னான்.

"அடிச்சுத்தான் ஆகணும். ஒண்ணு குறைஞ்சாலும் எல்லாத்தையும் தூசின்னுடுவானுங்க."

இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ப்ரோக்ராம் ஒன்றுகூட இன்றைக்கு ஓடவில்லை, நான் துடைக்க மாட்டேன் என்று சொன்ன தூசி மட்டும் இன்னும் அங்கேயே கிடக்கிறது.