முடியக் கூடாத பங்களா வேலை

அடுத்தவன் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவனுக்குச் சோறு போடுகிற தொழில் ஒன்று உண்டு. அதற்கு மேற்பார்வை என்று பெயர். செய்தவனும் திட்டுவான், செய்யச் சொன்னவனும் திட்டுவான். அந்தத் தொழிலில் இருந்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு உடனே புரிந்துவிடும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். போர்டிக்சன் போகிற சடக்கை, அதாவது ரோட்டை, ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. ஆபீசில் எழுத்து வேலை. வெள்ளைக்காரத் துரை கப்பலேறி ஓடிய பிறகு, குன்றின்மேல் இருந்த அவருடைய பழைய பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடிவந்தார். மனிதருக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர். பங்களா புதிதாக இருந்தபோது பிடித்த போட்டோ ஒன்று கூடத்தில் தொங்கியது. வெளிப்புறம் அச்சு அசலாக அந்தப் படத்தில் இருப்பதுபோல் திரும்பவேண்டும் என்று தமக்குத் தெரிந்த மலாய் மொழியில் உத்தரவு போட்டார். ஒவ்வொரு வேலையையும் முதலில் நான் பார்த்து, தேறியதா இல்லையா என்று சொல்லவேண்டும். பிறகு அவர் பார்ப்பார்.

அதே சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். விடிந்தும் விடியாமலும் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது லாரி வரும். ஏறிப் போனவர்களைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இருக்காது. பங்களா வேலையில் இருப்பவர்களை மட்டும் லாரி தொடாது. வேலை முடிந்துவிட்டால் தொடும். ஆகையால் என் கடமை தெளிவாக இருந்தது: எந்த வேலையும் தேறக் கூடாது. தச்சுவேலை பார்த்த ஆறுமுகத்தின் தம்பியை ஏற்கெனவே லாரி கொண்டுபோயிருந்தது. சுண்ணாம்பு அடிக்க வந்த ஆறுமுகத்தின் மனைவி குப்பாயி, முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "ஐயா, மழ ஒழுகினாலும் சரி, செவுரு சாஞ்சாலும் சரி, வேல முடிஞ்சிருச்சுன்னு மட்டும் உங்க வாயால சொல்லிராதீங்க."

சுவருக்குப் போட்ட கஞ்சி

பெயிண்ட் என்பது அப்போது பேச்சில் மட்டும் இருந்த பொருள். போர்டிக்சன் கரையில் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, சுட்டு, சுண்ணாம்பாக்கினோம். சுவரில் ஒட்டிப் பிடிக்கவேண்டுமே என்று மரவள்ளிக் கஞ்சியை ஊற்றினாள் குப்பாயி. சுண்ணாம்பு இறுகப் போடும் உப்புக்கு வழியில்லாததால் கிளிஞ்சலோடு வந்த கடல்தண்ணீரையே விட்டுக் கலக்கினாள். பூசிய அன்று சாயங்காலம் பங்களா பளிச்சென்று கல்யாண வீடுபோல் இருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு நன்றாக இருந்தால் நான் என்ன குற்றம் சொல்வது?

காலையில் போய்ப் பார்த்தால் ஆட்டின் வாய் எட்டும் உயரம்வரை சுவரில் வெள்ளை இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆடுகள் அத்தனையும் இரவெல்லாம் நின்று நக்கியிருக்கின்றன. அதிகாரி வந்து முறைப்பதற்குள், "கீழ்ப்பாதி தேறவில்லை, முதலிலிருந்து அடிக்கவேண்டும்" என்று மனநிறைவோடு சொன்னேன். ஆடுகளை விரட்டப் போன என்னைக் குப்பாயி தடுத்துவிட்டாள். "ஆட்டக் குத்தம் சொல்லாதீங்க ஐயா, இன்னிக்கு எஸ்டேட்டுல கஞ்சியும் உப்பும் ஒண்ணா இருக்கிற ஒரே எடம் இந்தச் செவுருதான்."

கூரைக்கு வந்த வியர்வை

ஓடு உடைந்த இடங்களில் வைக்கத் தகரம் இல்லை. கப்பல் வராததால் வாங்க ஆளின்றி ரப்பர் ஷீட் மட்டும் ஸ்டோரில் குவிந்து கிடந்தது. அதை வெட்டி ஓட்டுக்கு அடியில் சொருகலாம் என்றார் மண்டோர் சின்னையா. வேலையாட்களை மேய்க்கிறவர் அவர். வாயும் கொஞ்சம் நீளம். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் வழக்கப்படி, "நாற்றம் அடிக்கிறது, தேறவில்லை" என்று அதிகாரியிடம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில் ரப்பர் இளகிவிட்டது. வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அதிகாரியின் தோளில் பிசுபிசுவென்று ஒரு துளி விழுந்தது. அப்புறம் தொப்பியில் ஒன்று. அவர் எழுந்து, கூரையைப் பார்த்து, என்னைக் கூப்பிட்டார். இடுப்பு வளையக் குனிந்து, "நேற்றே தேறவில்லை என்று சொன்னேனே" என்றேன். அவருக்கும் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டி, என் நேர்மையை மெச்சி ஒரு சிகரெட் கொடுத்தார். வெளியே வந்ததும் அந்தச் சிகரெட்டைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார் சின்னையா. "ஊர்ல அவனவன் நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்லிப் பொழைக்கிறான், கிராணியாரே, நீங்க ஒருத்தர்தான் நல்லால்லன்னு சொல்லியே பொழைச்சிட்டீங்க."

கோணல் என்ற வார்த்தை

எல்லாரையும் சமாளித்தேன், ஆறுமுகத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவனுக்கு மோசமாக வேலை செய்யத் தெரியாது. ஆணி கிடைக்காத காலத்தில் மரமுளை அடித்து ஒரு ஜன்னல் கதவு செய்தான். விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடும். நான் அதை நாலு தரம் திறந்து மூடிவிட்டு, மனசாட்சியைக் கழற்றி வைத்து, "கோணல்" என்றேன்.

மனிதன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். மறுநாள் தூக்குக்குண்டும் நூலும் எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்கே வந்து நின்றான். குப்பாயி பின்னாலேயே ஓடிவந்து, உயிரோடு இருப்பதற்காகத்தானே இத்தனை நாடகமும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அசையவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: கோணல் என்று சொல்லக் கூடாது, படத்தில் இருக்கிற மாதிரி இல்லை என்று சொல்லலாம். அதற்கும் அரை மனதோடுதான் சம்மதித்தான். "சயாமுக்குப் போன்னாலும் போறேன் ஐயா, என் சட்டத்தப் பாத்துக் கோணல்னு சொன்ன நாக்கோட நீங்க எப்படித்தான் சோறு திங்கிறீங்களோ."

போட்டோவில் ஒரு கலசம்

அதிகாரி ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்தார். கூரை முகட்டில் நடுவாகக் கறுப்பாக ஏதோ நிமிர்ந்து நிற்கிறது, அது இப்போது ஏன் இல்லை என்று கேட்டார். நானும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படத்தைப் பூச்சி அரித்த ஓட்டை அது. பூச்சி என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடியும். முடியக் கூடாதே. "விழுந்திருக்கும்" என்றேன்.

ஆறுமுகம் மரத்தைக் கடைந்து பூச்சி ஓட்டையின் வடிவத்தில் ஒன்று செய்தான். குட்டை என்றேன். அடுத்ததை நெட்டை என்றேன். பிறகு ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. இதில் மட்டும் அவன் கோபிக்கவில்லை. இல்லாத பொருளுக்குக் கோணல் ஏது என்று சிரித்துக்கொண்டே கடைந்தான். கடைசியில் அதிகாரியே பொறுமை இழந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகட்டில் ஏற்றச் சொல்லி, கீழே நின்று கைகட்டி அழகு பார்த்தார். சின்னையா என் காதருகே குனிந்தார். "படத்தக் கண்ணாடியில்லாம தொறந்து வைக்கச் சொல்லுங்க, கிராணியாரே, பூச்சி இன்னும் கொஞ்சம் தின்னுச்சுன்னா நமக்கு அடுத்த மழைக்காலம் வரைக்கும் வேல இருக்கும்."

சாரத்திலிருந்து விழுந்த பானை

மேலிடத்து அதிகாரி ஒருவர் பங்களாவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை பெரட்டுக் களத்தில் லாரியும் வந்து நின்றது. அவர் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்க நம்முடைய அதிகாரி கையைப் பின்னால் கட்டியபடி சுற்றிவந்து, ஆறுமுகத்தின் ஜன்னல் முன்னால் நின்றார். கரியும் எண்ணெயும் தேய்த்து, படத்தில் இருப்பதுபோலவே கறுகறுவென்று மின்னிய கதவுகள். தடவிப் பார்த்தார். என்னைக் கேட்காமல், நேராக ஆறுமுகத்திடமே, முடிந்ததா என்று மலாயில் கேட்டார். தன் வேலையை ஒருவர் தடவிக்கொடுத்துக் கேட்டதும் அந்தப் பாவிக்கு லாரி மறந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முடிந்தது துவான், ஒரு குறையும் கிடையாது என்றான்.

மூங்கில் சாரத்தின்மேல் நின்ற குப்பாயியை அண்ணாந்து பார்த்தேன். அவள் கை தவறியது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். சுண்ணாம்புப் பானை கவிழ்ந்து, கறுப்புக் கதவெல்லாம் வெள்ளையாக வழிந்தது. அதிகாரியின் காலணியிலும் தெறித்தது. மேற்பார்வை பார்த்தவன் நான் அல்லவா, அறை எனக்குத்தான் விழுந்தது. பிறகு அவர், எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி செய் என்று கத்திவிட்டு உள்ளே போனார். எங்கள் ஆட்கள் இல்லாமலே லாரி கிளம்பியது. அந்தச் சத்தம் சடக்கில் தேய்ந்து மறையும்வரை நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு வலியிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குப்பாயி சாரத்திலிருந்து இறங்கிவந்து பானையை எட்டிப் பார்த்தாள். "அடியில கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருக்குதுங்க ஐயா, மஞ்சளக் கொழைச்சு உங்க கன்னத்துக்குப் பத்துப் போட்டுவிடட்டுங்களா?"

துரை எடுத்த பெரட்டு

சண்டை முடிந்து பழைய துரை திரும்பினார். பங்களாவைச் சுற்றிப் பார்த்தார். திட்டுத் திட்டாகச் சுவர், கூரையில் ரப்பர், பாதி சுரண்டிய ஜன்னல், முகட்டில் என்னவென்று தெரியாத ஒரு கட்டை. இவ்வளவு காலமாக ரிப்பேர் செய்தோம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இந்த வேலை செய்தவர்களை நாளைக்கே தோட்டத்தைவிட்டு அனுப்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டே பெரட்டுக் களத்துக்கு இறங்கி வந்தார்.

பழைய ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பல பெயர்களுக்குப் பதில் வரவில்லை. ஆறுமுகத்தின் தம்பி பெயருக்கும் வரவில்லை. ஆறுமுகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். துரையின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பங்களா வேலைக்காரர்களின் பெயர்கள் வந்தபோது மட்டும் ஒவ்வொருவராக, இருக்கேன், இருக்கேன் என்று குரல் கொடுத்தார்கள். தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர் துரை. இவர்கள் மட்டும் எப்படி எல்லாரும் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். குப்பாயிதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க வேல இன்னும் முடியல தொரை, அதனால இருக்கோம்."

அன்பர்களே, என் உத்தியோக காலத்தில் எத்தனையோ வேலைகளை முடித்துக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன், ஆனால் நான் உருப்படியாகப் பார்த்த மேற்பார்வை என்றால் அந்தப் பங்களாவை அலங்கோலமாக விட்டது ஒன்றுதான்.