சூப் குடித்த கை

நான் இடது கைக்காரன். சோற்றில் அந்தக் கை பட்டால் அப்பா தன் துண்டால் அதை என் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். அவருடையது பல்லாவரம் கல்குவாரியில் வேலை பார்த்த கை. போட்ட முடிச்சு லேசில் அவிழாது. நாளைக்குப் பந்தியில் யாராவது என்னை எழுப்பி விட்டுவிடுவார்களோ என்பது அவர் பயம். வலது கையால் தின்னத் தெரியாமல் பாதிச் சோறு தரையில் சிந்தும். சிந்தியதற்கு மாற்று கிடையாது. அந்த வருடம் அரை வயிறாகத்தான் வளர்ந்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் சேலையூரில் ஒரு பள்ளி மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி, பழைய ஊமைப் படம் ஒன்று காட்டினார்கள். முன்பக்கம் பாய் விரித்துச் சபைக் குடும்பங்கள் நிறைந்துவிட்டன. தாம்பரத்திலிருந்து நடந்து போன நாங்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தோம். அங்கேயும் படம் தெரிந்தது.

ஒட்டடைக்குச்சி போன்ற ஒரு வெள்ளைக்காரன் பெரிய விருந்தில் சூப் குடிக்கப் பார்க்கிறான். கரண்டி வாய்க்குப் போவதற்குள் யாராவது இடித்துவிடுகிறார்கள். விழுகிறான். எழுந்து கோட்டைத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி கரண்டியை எடுக்கிறான். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நடுநடுவே இங்கிலீஷ் எழுத்துகள் வந்து நின்றன. ஜிஎஸ்டி ரோட்டு இங்கிலீஷ் கடைப் பலகை ஒன்றையும் விடாமல் உரக்கப் படிக்கிற என் அக்கா பக்கத்தில்தான் இருந்தாள்.

“இன்னாம்மா எழுதிக்கீது?” என்றார் அப்பா.

“தெர்லப்பா. அத்த வுடு. அந்தாளு எந்தக் கையால துன்றான் பாரு.”

அப்பா பார்த்தார். “அட, இவனும் பீச்சாங்கையா!”

“அவனை யாரும் துண்டு போட்டுக் கட்லியே,” என்றாள் அக்கா.

மறுநாள் துண்டு அப்பாவின் தோளிலேயே கிடந்தது. “துன்னு, துன்னு. வெள்ளைக்காரனே துன்றான்,” என்றார்.

பிறகு பள்ளியை விட்டேன், ஊர் ஊராகத் திரிந்தேன். ரயில்வே பிளாட்பாரங்களில் பசியோடு எழுந்து சட்டையைத் தட்டிக்கொள்ளும்போதெல்லாம் அந்த ஆளை நினைத்துக்கொள்வேன். ஒரே கைக்காரர்கள் என்ற உறவு.

பம்பாயில் ஒரு கொட்டகையில் அதே படம் ஓடியது. இம்முறை முன்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். வலது கையால் சூப் குடித்தான். விருந்தில் இருந்த எல்லோருமே வலது கைக்காரர்கள். எழுத்துகள் நேராக நின்றன.

அப்படியானால் அன்று எங்கள் பக்கம் அவை கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறி நின்றிருக்கும். எனக்கு அப்போது எழுத்து தெரியாது.

அக்காவுக்குத் தெரியும்.