எமிலியானுஸ் சுவரில் செருகிய பெட்டி

இது முழு உண்மைக் கதை. ஒரு சொல்லும் பொய்யில்லை. சரி, ஞானஸ்நானப் பந்தியில் இருந்துகொண்டு பொய் சொல்லக்கூடாது: கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறது. வெறும் மாவை அள்ளித் தின்ன ஏலுமோ? தண்ணீர் விட்டுக் குழைத்தால்தானே ரொட்டி. ஆனால் மாவில் கலப்படம் இல்லை.

அங்கே பாருங்கள். படம் பிடிக்க வந்த றோபேட் கமராவைத் தூக்குகிறார். உடனே பிள்ளையின் தகப்பன் எமிலியானுஸ் கோல் காக்கிறவர் மாதிரிக் குறுக்கே பாய்கிறார். காலையிலிருந்து எடுத்த படமெல்லாம் கழுவி வந்தால், ஞானஸ்நானம் பெற்றது எமிலியானுசின் முதுகு என்றுதான் சனம் நினைக்கும். ஏன் இந்த மனுசன் ஒரு வெளிச்சத்துக்கு இப்படி நடுங்குகிறார் என்று கேட்டீர்கள். கேளுங்கள்.

எமிலியானுஸ் ஊர்காவற்றுறை ஆள். பயத்தோடு பிறந்தவர். தாயின் வயிற்றிலிருந்து தலையை மட்டும் நீட்டி, மருத்துவிச்சியிடம் “கை கழுவினீங்களோ?” என்று கேட்டபிறகுதான் மிச்ச உடம்பை வெளியே விட்டாராம். இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து, பங்குச் சாமியாரின் சொல்லில், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதிக்குத் துப்புரவு வேலைக்குப் போனார். மனைவி மாக்கிரட்டுக்கும் அங்கேயே வேலை. அவர் வெளி நடையையும், உடுப்பு மாற்றுகிற அறைகளையும் துடைப்பார்.

அந்தப் பகுதியில் வேலை செய்கிற எல்லாரும் சட்டையில் ஒரு சின்னப் பெட்டி குத்தவேண்டும். டோசிமெத்ரோ என்று அதற்குப் பெயர். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய பிலிம் துண்டு இருக்கும். கதிர் பட்டால் பிலிம் கறுக்கும். மாதம் முடிய எல்லாவற்றையும் அனுப்பிக் கழுவிப் பார்ப்பார்கள். யாரில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது சொல்லிவிடும். வேலை முடிந்து போகும்போது பெட்டியைக் கழற்றி, வாசலில் இருக்கிற பலகையில் மாட்டிவிட்டுப் போகவேண்டும்.

இந்தப் பாதுகாப்பு முழுவதையும் பார்க்கிற பெண்மணி தொத்தோரெஸா மான்குசோ; படித்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து ரெயினில் வருவார், ஆனால் எல்லா நாளும் வரமாட்டார். வராத நாளில் பலகையைப் பார்க்கிற பொறுப்பை எமிலியானுசிடம் கொடுத்திருந்தார். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் சிசிலித் தீவிலேயே இல்லை. பெட்டி குத்தாமல் வந்த பெரிய டொக்ரரை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினார். ஒரு ஈ உள்ளே பறந்தால்கூட, “உன்ர பெட்டி எங்கை?” என்று துரத்துவார். எக்ஸ்ரே படம் எடுக்கிற தோத்தோ ஈய அங்கியைக் கதிரையில் மடித்துப் போட்டார் என்று அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. மடித்தால் உள்ளே ஈயம் வெடித்துவிடும், கொளுவியில்தான் தொங்கவேண்டும்.

இவ்வளவு பயத்துக்கும் அடியில் ஒரு பெரிய பயம் கிடந்தது. கலியாணம் முடித்துக் கனகாலம், பிள்ளையில்லை. “எக்ஸ்ரேக்குப் பக்கத்தில வேலை செய்தால் வயித்தில தங்காதாம்” என்று பல்லாரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற யாரோ சொல்லிவிட்டார்கள். எமிலியானுஸ் அன்றைக்கே வெறுங்காலோடு பெல்லெக்ரீனோ மலை ஏறினார். எங்கள் சனம், வேதக்காரரும் சைவக்காரரும், ஞாயிறு ஞாயிறாக ஏறுகிற மலைதான். பலேர்மோவைக் காக்கிற புனித ரொசாலியா அம்மாவின் குகையில் அழுத அழுகையில் அங்கே ஒழுகுகிற தண்ணீர் இரண்டு மடங்காகியது. அம்மாவின் சுரூபம் பதித்த தடித்த மெடல் ஒன்றை வாங்கி, மந்திரித்துக்கொண்டு இறங்கினார்.

இறங்கும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. மாக்கிரட்டில் படுகிற கதிர் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி குடிக்கிறது. பெட்டியை அம்மாவிடம் ஒப்படைத்தால், பெட்டி குத்துகிறவளையும் அம்மா பார்த்துக்கொள்ள மாட்டாவா?

எக்ஸ்ரே அறையில் அம்மாவின் படம் ஒன்று இருந்தது. நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர் நெஞ்சைத் தட்டில் ஒட்டி, சுவரைப் பார்த்து நிற்பார். முதுகுப் பக்கமிருந்து மெசின் அடிக்கும். பயப்படுகிறவர் பார்த்துக் கும்பிடட்டும் என்று கன்னியாஸ்திரிகள் அந்தச் சுவரில், தட்டுக்குச் சற்று மேலே, படத்தை மாட்டியிருந்தார்கள். மாக்கிரட் மத்தியானம் வேலை முடித்துப் போனதும், எமிலியானுஸ் மனைவியின் பெட்டியைப் பலகையிலிருந்து எடுத்து, அந்தப் படத்துக்குப் பின்னால் செருகி, பெட்டியின்மேல் எப்போதும் அதே இடத்தில் மெடலையும் ஒட்டிவிடுவார். விடிய, மாக்கிரட் வருவதற்கு முன், மெடலைப் படத்துக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் திரும்பப் பலகையில் மாட்டுவார்.

பின்னேரங்களில் அந்தச் சுவரைப் பார்த்து எத்தனை பேர் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள், எத்தனை தரம் மெசின் அடித்தது என்று யோசித்துப் பாருங்கள். எமிலியானுஸ் யோசிக்கவில்லை. மெசின் அடிக்கும்போது அந்த மனுசன் ஆஸ்பத்திரியின் மறுமூலையில், முடிந்தால் துறைமுகத்தில், நிற்கிறவர்.

அந்த மாதமே மாக்கிரட் குளிக்காமல் நின்றார், வயிற்றில் பிள்ளை. சொன்ன உடனே கன்னியாஸ்திரிகள் அவரை உடுப்புத் தோய்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். எமிலியானுஸ் பூரித்ததில் சட்டைப் பொத்தான் தெறித்து ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலில் விழுந்தது. அவ்வளவு சந்தோசம்.

பிறகு பிலிம் வந்தது.

தொத்தோரெஸா இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தினார். “சிஞ்ஞோரா மாக்கிரட்டின் போன மாதப் பிலிம் மோசமாகக் கறுத்திருக்கிறது. மற்ற எல்லாருடையதும் சுத்தம். எனக்கு விளங்கவில்லை.”

“வயித்தில பிள்ளை இருக்குது, தொத்தோரெஸா,” என்றார் எமிலியானுஸ்.

“தெரியும். அதனால்தான் கூப்பிட்டேன். இவ்வளவும் உண்மையாகவே உடம்பில் பட்டிருந்தால், பிள்ளையைப் பற்றி டொக்ரர்மாரோடு கதைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.”

மாக்கிரட் அழவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி வீடு வரைக்கும் நடந்தார். எமிலியானுஸ் பின்னால் நடந்தார். பேய் அடித்த ஆளுக்கும் அவருக்கும் வித்தியாசம், பேய் அடித்தவருக்குக் கொஞ்சம் இரத்தம் மிஞ்சியிருக்கும்.

“என்னப்பா, வெள்ளிக்கிழமை அவை என்ன சொல்லுவினம்?”

“ஒண்டும் சொல்லாயினம். நீர் சாப்பிடும்.”

“பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லுவினமோ?”

“சாப்பிடும் எண்டெல்லே சொல்லுறன்!”

“நீங்களும் சாப்பிடேல்லை.”

சோறு ஆறிப்போய் இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் எமிலியானுஸ் வேலையைப் போட்டுவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போய், சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றார். “உம்மளிட்டைத்தானே தந்தனான். வடிவாப் பாரும் எண்டெல்லே தந்தனான்.”

கண்ணாடிக்குப் பின்னால் தோத்தோ கத்தினார். “எமிலியோ! உனக்கென்ன விசரா? அங்கே நிற்காதே, அடுத்த ஆள் வருகிறார்! கதிர் முழுக்க அந்தச் சுவரில்தான் வந்து விழும்!”

எமிலியானுஸ் திரும்பி மெசினைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மெசினின் வாய் நேரே அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருக்கு முதலில் வந்தது சந்தோசம்: கதிர் பிள்ளையில் படவில்லை, சுவரில் பட்டிருக்கிறது! அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பயம் வந்தது: பலகைக்குப் பொறுப்பான ஆளே பெட்டியை எடுத்து ஒளித்தார் என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ, அதுதான் இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, போகும். பெர்மெஸ்ஸோ போனால் குவெஸ்தூராப் பொலிசில் நிற்கவேண்டும், பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்புகிற பிளேனில் இருக்கவேண்டும். சொல்லாமல் விட்டால் வேலை மிஞ்சும். ஆனால் வெள்ளிக்கிழமை டொக்ரர்மார் மாக்கிரட்டிடம் என்ன கேட்பார்கள்?

படத்துக்குப் பின்னால் கிடந்த மெடலைப் பிய்த்தெடுத்துக்கொண்டு ஓடினார். நடை நெடுக வழிவிட்ட தள்ளுவண்டிகளைக் கேட்டால் சொல்லும். ரெயினுக்குப் போக வெளிக்கிட்ட தொத்தோரெஸாவை வாசலில் மறித்து, இத்தாலியன் பாதி, ஊர்காவற்றுறை பாதி, கண்ணீர் மிச்சமாக எல்லாவற்றையும் கொட்டினார்.

தொத்தோரெஸா திரும்பிப் போய், பிலிமை எடுத்து வெளிச்சப் பெட்டியில் வைத்தார். கறுப்புக்கு நடுவில் வெளிறின அடையாளம் ஒன்று இருந்தது.

“கழுவினபோது விழுந்த பழுது என்றுதான் நினைத்தேன்,” என்றார். “மெடலைத் தாருங்கள்.”

அடையாளத்தின்மேல் மெடலை வைத்தார். வளையம் முதலாக அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

“சட்டையில் குத்திக்கொண்டு ஆள் நடந்திருந்தால் நிழல் கலங்கியிருக்கும். இது கூராக விழுந்திருக்கிறது. இந்தப் பெட்டி அசையாமல் சுவரில்தான் இருந்திருக்கிறது. அந்த நடையில் வேலை செய்த மற்றவர்களுடைய பிலிமும் சுத்தம்.” பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “சிஞ்ஞோராவிடம் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்குத்தான் ஏதோ இருக்கிறது.”

வேலை போகவில்லை. பலகைப் பொறுப்புப் போனது. படம் நடைக்கு மாறியது. வெள்ளிக்கிழமை டொக்ரர்மாருக்கு வேலையில்லாமல் போனது. அந்தப் பிள்ளைதான் இப்போது மாக்கிரட்டின் மடியில் வாய் திறந்து நித்திரை கொள்ளுகிற ஜெசிக்கா ரொசாலியா.

ஆனால் அந்தப் பிலிமைப் பார்த்திருக்கவேண்டும்! அம்மாவின் முகம், தலையில் ரோசாப்பூ முடி, கன்னத்தில் குழி எல்லாம் தெளிவாக —

“நிப்பாட்டும்!” என்று பந்தியிலிருந்து மகேந்திரராசா எழும்பினார். “நானும் அங்கை வேலை செய்தனான். அந்தப் பிலிமை என்ர கண்ணால பாத்தனான். முகமும் இல்லை, முடியும் இல்லை. முட்டை மாதிரி ஒரு வெள்ளை.”

“உமக்குத் தெரியாது,” என்றார் கிறிகோரி, பற்றிஸ் தின்ற வாயோடு. “அம்மா தன்ர நிழலைப் போட்டுத்தான் பிள்ளையைக் காப்பாத்தினவா.”

“காப்பாத்தினவாவோ? அவவின்ர படத்துக்குப் பின்னால வைச்சுத்தானே வினையே வந்தது!”

“மலைக்கு ஏறினதாலதான் பிள்ளையே வந்தது!”

“மலை ஏறினால் பிள்ளை வருமெண்டால் நீர் ஏன் இன்னும் தனிய நிக்கிறீர்?”

“என்ன சொன்னனீர்? திருப்பிச் சொல்லும் பாப்பம்!”

“பிள்ளை எழும்பப் போகுது!” என்று மாக்கிரட் கத்த, பிள்ளை எழும்பி அதைவிடப் பெரிதாகக் கத்தியது. கிறிகோரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அந்த நேரம் பார்த்து றோபேட் கமராவைத் தூக்கினார்.

“லைற்றை அடியாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது!” என்று எமிலியானுஸ் பாய்ந்ததில், ரோல்ஸ் தட்டு மகேந்திரராசாவின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது.