மூன்றாவது இழுப்பு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் திரேஸ்புரத்தில் வள்ளம் கடலுக்குப் போகாது. காலையில் பூசை, மதியம் கறிச்சோறு, அதன் பிறகு ஒரு தூக்கம். நான்கு மணிக்கு வலைக்கூடத்து மாடியில் ஆண்கள் பதினோரு பேர் கூடி விவிலியம் படிக்கிறோம். எங்களுக்குள் சாமியாரும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. கூட்டத்தைச் சேர்த்தவர் ஒரு இன்ஜின் மெக்கானிக். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், உப்பளத்துக்காரர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் கடல் தொழிலாளிகள். மெக்கானிக் ஒருநாள் எங்கள் வள்ளத்து இன்ஜினைப் பார்க்க வந்தபோது என்னையும் அழைத்தார். முதல் தடவை அந்த மாடிக்கு ஏறியவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். அத்தனை பெரிய கைகள், காய்ப்பு ஏறிய கைகள், அந்தச் சின்னப் புத்தகங்களை அவ்வளவு பதனமாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு வசனமாக வாசித்து வருவார்கள். வாசிக்க முடியாதவர் பக்கத்து ஆளின் முழங்காலைத் தட்டினால் போதும், அவர் சேர்த்து வாசித்துவிடுவார். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் ஒன்றரை வருடம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"அண்ணே, இந்த முழங்கால் தேஞ்சு போச்சு. அடுத்த வாரம் அந்தப் பக்கம் வந்து உக்காந்து மத்த காலைத் தட்டுங்க" என்பார் கிரேன்காரர்.

வாசித்து முடித்ததும் இன்னொரு வழக்கம். யாரும் விளக்கம் சொல்லக்கூடாது. அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் உன் கை என்ன செய்திருக்கும், அதை மட்டும் சொல்ல வேண்டும். "விளக்கம் சாமி சொல்லுவாவ. நமக்குக் கை வேலைதான தெரியும்" என்பார் மெக்கானிக். ஆண்டவர் கடலை அதட்டி அடக்கிய இடத்தைப் படித்த அன்று, படகில் தண்ணீர் எந்தப் பக்கமாக ஏறியிருக்கும், யார் இறைத்திருப்பார்கள், பாயை எப்போது இறக்கியிருக்க வேண்டும் என்று வெகுநேரம் பேசினார்கள். பேசப் பேச குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்படிப்பட்ட காற்றில் சிக்கியவர்களுக்குத்தான் அது ஒரு சொல்லில் நின்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் வாரம் முழுவதும் காத்திருக்கத் தொடங்கினேன். ஆனால் எல்லாரும் தங்கள் கையைப் பற்றிச் சொல்லும்போது நான் மட்டும் என் கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொள்வேன். அதற்குக் காரணம் இருந்தது.

நான் சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன். கடலுக்கு அடியில் போகிறவனுக்கு ஒரு குழாய் வழியாகக் காற்றுப் போகும். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மேல் நுனி என் கையில் இருக்கும். கீழேயிருந்து அவன் பேச முடியாது, கயிற்றை இழுத்துத்தான் சொல்லுவான். ஒரு இழுப்பு என்றால், இன்னும் கயிறு விடு. இரண்டு என்றால், சங்குப் பை நிறைந்துவிட்டது, அதற்குக் கட்டிய தனிக் கயிற்றை இழு. மூன்று என்றால், உயிருக்கு ஆபத்து, என்னை உடனே தூக்கு. ஆழத்தில் வேலை பார்த்தவனை நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் கை கால் விழுந்துவிடும், உயிரும் போகும். மூன்று இழுப்பு வந்தால் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதினைந்து வருடம் நான் ஒரே ஆளுக்குக் கயிறு பிடித்தேன். என் வயதுக்காரன், பக்கத்துத் தெரு. நான் பேசாதவன், அவன் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவன். என் கைப்பலத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிவான். "இவன் இழுத்தாம்னா பாரும் கூடவே வந்துரும்லே" என்பான். கடலடியில் இருக்கும் பாறைத் தளத்தைத்தான் நாங்கள் பார் என்போம். அவன் அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கும்.

நான் அந்த மாடிக்கு ஏறுவதற்கு முன்பு ஒருநாள், அலை கூடுதல். கயிறு இரண்டு முறை இழுபட்டது, உடனே மூன்றாவதாக ஒன்று. நான் யோசிக்கவில்லை. உடம்பில் இருந்த பலத்தை எல்லாம் கூட்டி, ஒரு இடத்திலும் நிறுத்தாமல் அவனை இழுத்தேன். மேலே வந்தவன் தலை சுற்றுகிறது என்று படுத்தான். அரை மணி நேரத்தில் அவன் இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை.

கரைக்குத் திரும்பும் முன்னால் பைக் கயிற்றையும் இழுத்தேன். பை நிறையச் சங்கு. அதன் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். உயிருக்குத் தத்தளிக்கிறவன் பைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க மாட்டான். அவன் இழுத்தது இரண்டுதான். மூன்றாவது, வள்ளத்தை அலை தூக்கியபோது கயிறு தானாகச் சுண்டியது. எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. யாரும் பார்க்கும் முன் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம், "மூணு இழுத்தான், தூக்கிட்டேன்" என்று சொன்னேன்.

மூன்று வருடம் அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். யாரும் பார்க்கக்கூடாது என்று கட்டிலைச் சுற்றி ஒரு சேலையைத் திரையாகக் கட்டச் சொல்லியிருந்தான். நான் போனால் வாசலில் அவன் மனைவி, "தூங்குதாவ அண்ணே" என்பாள். நான் பாதி நிம்மதியோடு திரும்பிவிடுவேன். அந்த நிம்மதிதான் என்னைத் தின்றது.

ஒரு ஞாயிறு, முடக்குவாதக்காரரை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தினால் உள்ளே போக வழியில்லாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னால் இறக்கிய இடம் வந்தது. நான் வழக்கம்போல முழங்காலைத் தட்டினேன். வாசித்து முடித்ததும் கிரேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது நம்ம வேலைலா. நாலு மூலைக்கும் கயிறு ஒரே அளவா விடணும். ஒருத்தன் அவசரப்பட்டாலும் கட்டில் சாஞ்சிரும், ஆளு கீழ."

"அதெல்லாம் சரி. கூரையைப் பிரிச்சானுவளே, வீட்டுக்காரன் என்ன சொன்னாம்னு எழுதலயே" என்றார் உப்பளத்துக்காரர்.

"அவன் சொன்னதை எழுதுத மாதிரியா இருந்திருக்கும்?" என்றார் கிரேன்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மெக்கானிக் என்னைப் பார்த்தார். "நம்மள்ல கயிறு பிடிக்கிறவிய நீங்கதான அண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லலியே. உங்க கை என்ன செஞ்சிருக்கும்?"

நான் கைகளைப் பார்த்தேன்.

"என் கை ஒருத்தனை முடக்கிருச்சு" என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன், முடிச்சை அவிழ்த்தது வரைக்கும். அந்த மாடியில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை. மெக்கானிக் மட்டும், "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சொல்லணும்லா?"

"எப்படிச் சொல்ல?"

கிரேன்காரர் என் முழங்காலைத் தட்டினார். "நீங்க வாசிக்க முடியாதப்ப நாங்க வாசிச்சோம்லா. தனியாப் போவாண்டாம். கூட வாரோம். ஆனா வாயை நீங்கதான் திறக்கணும்." அன்று எல்லாரும் எழுந்து நின்று என் தலைமேல் கை வைத்துச் செபித்தார்கள். இருபது கைகளின் பாரம். அதற்கடியில் நின்றபோதுதான் பலம் என்பது இழுக்கிறதில் மட்டும் இல்லை என்று எனக்கு விளங்கியது.

அடுத்த ஞாயிறு கிரேன்காரர் ஒரு மர நாற்காலி கொண்டுவந்தார். அவனைக் கையோடு கூட்டத்துக்குத் தூக்கி வந்துவிடுவது என்பது அவர்கள் முடிவு. இருபுறமும் மூங்கில் வைத்து நைலான் கயிற்றால் கட்டினோம். முடிச்சுகளை நான் போட்டேன். நாலு பேர் தூக்க, மற்றவர்கள் பின்னால் வர, அவன் தெருவுக்குள் நுழைந்தோம்.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "எவன்லே செத்துட்டான்? கூட்டமா வாரானுவ?"

நான் மட்டும் உள்ளே போனேன். திரைக்கு இப்பால் நின்றேன். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டுத் திரையை விலக்கினேன். பாதி ஆளாக வற்றியிருந்தான். அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "நீ ரெண்டுதாம்லே இழுத்த. நான்தான் மூணுன்னு நினைச்சிட்டேன். பை முடிச்சுப் போட்டிருந்துச்சு. பார்த்துட்டேன். அப்ப யார்ட்டயும் சொல்லல."

அவன் என்னைவிட்டுக் கண்ணை எடுத்துக் கூரை ஓடுகளைப் பார்த்தான்.

"மூணு வருசமா" என்றான் பிறகு. "மூணு வருசமா, கூறு கெட்டு நானே மூணு இழுத்துட்டேன் போலன்னு என்னையே வைதுக்கிட்டுக் கிடக்கேன். ராவும் பகலும் அதையே எண்ணுதேன். ரெண்டா, மூணான்னு." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "வெளிய போலே."

போனேன். வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். மாடியில் வட்டத்துக்குள் அதை ஒரு ஆளைப் போல வைத்தார்கள். நான் இனி அவன் வீட்டுக்கு வரவில்லை என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"அவரு வெளிய போன்னுதான சொன்னாரு. திரும்ப வரக்கூடாதுன்னா சொன்னாரு?"

அதற்கு அடுத்த ஞாயிறும் நாற்காலியோடு போனோம். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த இரண்டு வாரமும் அப்படித்தான். தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "சுரூபம் இல்லாத சப்பரத்தைத் தூக்கிட்டு வாரானுவ பாரு" என்று ஒருத்தி சொல்ல, தெருவே சிரித்தது. எங்கள் ஊரில் திருவிழாவுக்கு மாதா சிலையை வைத்துத்தான் சப்பரம் தூக்குவோம். எனக்குக் கூசியது, தலையைக் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் குனியவில்லை. துறைமுகத்தில் யாரிடமும் ஒரு சொல் தாங்காத கிரேன்காரர், சிரித்த பெண்ணுக்கு வணக்கம் வைத்துவிட்டு நடந்தார். முன்பெல்லாம் இதே தெருவில் குடித்துவிட்டுச் சண்டை போட்டவர் அவர். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு மனிதனை இப்படி மாற்றியது என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இருந்தும் நம்ப முடியவில்லை.

ஐந்தாவது ஞாயிறு கதவு திறந்திருந்தது. அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். திரையைக் காணவில்லை. சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"தெருவே சிரிக்குது. உங்களால எனக்கு மானம் போவுது" என்றான். "ஆளை வச்சே தூக்கித் தொலைங்கலே."

நாலு பேரில் ஒருவனாக நானும் பிடித்தேன். என் பக்கம் அவன் திரும்பவில்லை. வலைக்கூடத்து மாடிப்படி ஒடுக்கமானது, வெளிப்புறமாக ஏறுவது. கிரேன்காரர் ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மேலே போனதும் நாற்காலியை எனக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள்.

அவன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன். "வாசிக்க முடியலன்னா பக்கத்து ஆளு முழங்காலைத் தட்டுங்கண்ணே" என்று கிரேன்காரர் அவனுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்தார். வாசிப்பு சுற்றி வந்து அவனிடம் நின்றது. எல்லாரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முழங்காலில் அவன் கை விழுந்தது.

நான் வாசித்தேன். அவன் பங்கையும் என் பங்கையும். எழுத்து எழுத்தாகக் கூட்டி, ஒரு சொல்லில் மூன்று தடவை இடறி, வியர்த்து வழிய வாசித்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஏற்றுவதைவிட இறக்குவது கடினம். பாரம் முழுவதும் கீழ்ப்பக்கம் வரும். நான் கீழ்ப்பக்கத்தில் முன்னால் பிடித்திருந்தேன். அப்போது என் தோளில் கிடந்த துண்டை அவன் பிடித்தான். ஒரு முறை இழுத்தான். ஒன்று என்றால் இன்னும் விடு. நான் ஒரு படி இறங்கினேன், மற்ற மூவரும் கூடவே இறங்கினார்கள். இன்னொரு இழுப்பு, இன்னொரு படி. அப்படிப் பாதிவரை வந்தோம்.

பாதியில் துண்டு இரண்டு முறை இழுபட்டது. நான் நின்றேன். எல்லாரும் நின்றார்கள்.

"எத்தனைலே?" என்று கேட்டான்.

"ரெண்டு."

"நல்லா எண்ணிச் சொல்லு."

"ரெண்டுதாம்லே."

அவன் மூச்சு என் காதில் பட்டது. கீழே தெருவில் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நாலு பேரும் பாரத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஒன்று இழுத்தான். நாங்கள் ஒரு படி இறங்கினோம்.