வீட்டுக்காரி வீட்டில் இருக்க வேண்டும்

சந்திரம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில், மலையைப் பார்த்த வீடு. கொத்தனாராக இருந்த அவள் புருஷன் தன் கையாலேயே கட்டியது. அவர் காலமான பிறகு, மாடியில் இருந்த இரண்டு அறைகளையும் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் நாள் கணக்கில் விட்டுத்தான் பிழைத்து வந்தாள். கீழே ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அது அவள் இடம்.

அந்த இடத்திலும் அவள் இருப்பது வெளியே தெரியாது. வந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் இருப்பதை ஒரு விரதம் மாதிரி வைத்திருந்தாள். மாடியில் ஆள் எழுந்திருக்கும் முன்னால் குளித்துவிடுவாள். புடவையைப் பின்பக்கச் சந்தில் காயப்போடுவாள். தாளிக்கிற நெடி மேலே ஏறக் கூடாதென்று சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருமுவாள். பௌர்ணமி வந்துவிட்டால் கீழே இருக்கும் தன் அறையையும் கிரிவலம் வந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, சாமி படங்களோடு சமையல்கட்டுக்கு ஒதுங்கிவிடுவாள். அந்தத் தெருவில் பாதி வீட்டில் அதுதான் வழக்கம். அண்ணாமலையாரைப் பார்க்க வந்தவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்தால் வருமானமும் ஆச்சு, புண்ணியமும் ஆச்சு என்பாள் எதிர்வீட்டு வேதா.

வெளிநாட்டுக்காரர் வந்தால் பாஸ்போர்ட்டைப் போனில் படம் எடுத்து ஜெராக்ஸ் கடை நசீர் அகமதுவுக்கு அனுப்பிவிடுவாள். அவர் அன்றைக்கே போலீசுக்குத் தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். சட்டம் என்று அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆவணி மாதத்தில் சுற்றுலா ஆபீசிலிருந்து தெருவுக்கு நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் அறை விடுகிற வீடுகள் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பதிவு செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும். நசீர் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். தீ அணைக்கிற சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, மூடி போட்ட குப்பைத்தொட்டி, வருகிறவர்களின் பேர் எழுத நோட்டு. கடைசியில், வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி.

"அதுக்கு இன்னா பாய், நான் அங்கதானே கெடக்குறேன்" என்றாள் சந்திரம்மாள். அந்த வரியை அதோடு மறந்தும் போனாள்.

அனுமதி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் மறக்கவில்லை. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் இளஞ்செழியன் முன்பே சொல்லி வைத்திருந்தான். வீட்டை மொத்தமாக யாராவது பார்ட்டிக்கு லீசுக்கு விட்டுவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும். ஓசூரிலும் மலைமேல் சிவன் இருக்கிறார் என்றான்.

"இருக்கட்டும்பா, அவரு அங்க இருக்கிறவங்களப் பாத்துக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டாள். காலையில் கதவைத் திறந்ததும் இந்த மலையைப் பார்க்காமல் ஒரு வாய் காப்பி குடித்தவள் இல்லை அவள்.

புரட்டாசியில் ஆபீசிலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சந்திரம்மாள் மூன்று நாள் வீட்டைக் கழுவினாள். கவர்மெண்டு ஆள் வரும்போது தன் பழைய சாமான் கண்ணில் படலாமா? கயிற்றில் கிடந்த புடவை, டிரங்குப் பெட்டி, கால் ஆடுகிற கட்டில், மிக்சி, புகையேறிய சாமி படங்கள் எல்லாவற்றையும் வேதா வீட்டுக்கு மாற்றினாள். கீழ் அறையில் வாடகைக் கட்டிலைப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்தாள். சமையல்கட்டு அடுப்பைக்கூட துணி போட்டு மூடினாள்.

வேங்கிக்காலில் இருக்கும் அந்த ஆபீசிலிருந்து வந்தது கீர்த்தனா என்கிற சின்ன வயசு அதிகாரி. மாடியைப் பார்த்தாள், சிலிண்டரைப் பார்த்தாள், நோட்டைப் புரட்டினாள். எல்லாம் சரி. கீழே வந்து வெள்ளை விரிப்பைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டாள். ஓனர் எங்கே தங்குகிறார் என்று கேட்டாள்.

"நான்தாம்மா ஓனரு. இந்த ரூம்லதான் இருக்கேன்."

"இங்கயா? உங்க பொடவ ஒண்ணுகூட காணோமே."

சந்திரம்மாள் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். கீர்த்தனா கோபப்படவில்லை. யாரோ ஒருவர் வீட்டை லீசுக்கு எடுத்து லாட்ஜ் நடத்துவது, கேட்டால் ஓனர் என்று ஒரு அம்மாவை நிறுத்துவது, இந்த வாரத்திலேயே நாலு வீடு இப்படிப் பார்த்தாயிற்று என்றாள்.

"கார்டு எல்லார்கிட்டயும் இருக்குதும்மா. ஆள் இருக்கணும்."

எதிர்வீட்டில் சாமான் இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சந்திரம்மாள் மன்றாடினாள். கொண்டுவந்து வைத்தால் அது வைத்த மாதிரிதான் இருக்கும் என்றாள் கீர்த்தனா. சொல்லாமல் இன்னொரு நாள் வருவேன், அன்றைக்கும் இப்படி இருந்தால் ஓனர் இங்கே குடியில்லை என்று எழுதிவிடுவேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சாமான் திரும்பி வந்தது. வேதா கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டும்போது, "ஊர்ல திருடன்தான்க்கா வீட்ட காலி பண்ணுவான், நீயே பண்ணிக்கிட்ட" என்றாள்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. அன்னாபிஷேகம் வேறு. தெருவில் கால் வைக்க இடமில்லை. வழக்கமாக வருகிற குடும்பங்கள் கீழ் அறையைக் கேட்டபோது, தான் குடியிருக்கிற அறை என்று சொல்லி அனுப்பினாள். முதல் தடவை அப்படிச் சொல்லும்போது நாக்கு கூசியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போளூர் பக்கத்திலிருந்து கன்னியம்மாள் என்கிற பெண் வந்தாள். தோளில் மூன்று வயதுக் குழந்தை. அதன் பாதமெல்லாம் கொப்புளம். கையில் பணத்தை வைத்துக்கொண்டு அறை கேட்டாள். இல்லை என்றதும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினாள். சந்திரம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அனுமதியும் கெடக் கூடாது, வாசலுக்கு வந்த குழந்தையையும் அனுப்பக் கூடாது. சாமி படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"வாடகைக்கு இல்லம்மா. எங்கூட ஒண்டிக்கோ. காசு கீசு பேசாத."

குழந்தையைத் தன் கட்டிலில் படுக்க வைத்து, பழைய புடவை ஒன்றைப் போர்த்தினாள். பிறகு வேதாவிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல மலையைச் சுற்றப் போனாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கீர்த்தனா வந்து நின்றாள். பௌர்ணமிக்கு வீட்டுக்காரர்கள் அறையை விட்டு ஒதுங்குவது அவளுக்கும் தெரியும். அதற்காகவே அந்த நாளில் வந்தாள். சந்திரம்மாள் உப்புப் போட்ட வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவாத பாத்திரம் அப்படியே கிடந்தது. கட்டிலில் வேற்று ஆளின் குழந்தை, பக்கத்தில் கன்னியம்மாள்.

"இவங்க யாரு? ரூம் விட்டுட்டீங்களா?"

பொய் சொல்லி சந்திரம்மாளுக்குப் பழக்கமில்லை. குழந்தைக்கு நடக்க முடியவில்லை, தன் இடத்தில் தன்னோடு படுக்கச் சொன்னேன் என்றாள். அது தப்பு என்றால் தப்புதான் என்றும் சொன்னாள்.

"நானு காசு குடுத்தேன் மேடம். வாங்க மாட்டேன்னுட்டாங்க" என்றாள் கன்னியம்மாள்.

கீர்த்தனா அறையைச் சுற்றிப் பார்த்தாள். கயிற்றில் நாலு புடவை, ஒரு துண்டு. சுவரில் சாமி படங்கள், நேற்று வைத்த பூ. டிரங்குப் பெட்டிமேல் மிக்சி. குழந்தையின் மேல் கிடந்த புடவை, கயிற்றில் இருந்தவற்றைப் போலவே சாயம் போனது. அவள் போனை எடுத்து, ஆய்வுக்குப் படம் வேண்டும், அப்படி ஓரமாக நில்லுங்கள் என்றாள்.

சந்திரம்மாள் பதறி எழுந்து, ஈரக் காலோடு ஓடிப்போய்க் கயிற்றிலிருந்த புடவைகளை வாரப் போனாள்.

"விடுங்கம்மா. அது இருக்கட்டும். அதுதான் எனக்கு வேணும்."

கையை எடுத்துவிட்டு, புடவைகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள் சந்திரம்மாள். குழந்தை விழித்துக்கொள்ளாமல் இருக்க, கீர்த்தனா சத்தம் வராமல் படம் எடுத்தாள்.