சட்டைப் பையில் வந்த துணி

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அழகான மூக்கு என்று சொல்ல மாட்டேன். நடுவில் கொஞ்சம் வளைந்து, நுனியில் எந்நேரமும் ஒரு கறுப்புக் கறையோடு இருக்கும். ஆனால் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் அந்த மூக்கைத் தேடித்தான் அவருடைய ஷெட்டுக்கு வருவார்கள். தெருவில் அவருக்கு 'மோப்பக்காரர்' என்று பேர். சொந்தப் பேர் எனக்கும் கரண்ட் பில்லுக்கும்தான் தெரியும்.

காருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று வந்தால் மற்ற மெக்கானிக்குகள் அடியில் படுத்து, சொட்டுகிற இடத்தையே பிரித்து மேய்வார்கள். இவர் மேலேயிருந்து பார்ப்பார். மேல் மூடியில் கசிவது இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து, எங்கோ கீழே ஒரு போல்ட்டில் தொங்கி, அங்கிருந்து சொட்டும். அதனால் இன்ஜினைக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிடுவார். ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. எங்கள் வீட்டில் நான் பூசிய பவுடரைவிட இன்ஜின்கள் பூசியதுதான் அதிகம். கசிவது எங்கே என்று பவுடர் சொல்லும். கசிவது என்ன என்பதை, ஆயிலா, பிரேக் ஆயிலா, டீசலா என்பதை, மூக்கு சொல்லும்.

நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டு மணி நேரம் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், இவருடைய சட்டைகள் குவிந்து கிடக்கும். இருபத்து மூன்று வருஷம் துவைத்ததில் எனக்கும் சில விஷயங்கள் தெரியும். ஆயில் கறை போகாது, வாடை போய்விடும். டீசல் கறை கண்ணுக்கே தெரியாது, ஆனால் மூன்று முறை அலசினாலும் வாடை விடாது. இதையெல்லாம் என்னிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் அவர் பத்து நாள் காய்ச்சலில் விழுந்தார். எழுந்த பிறகு ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டார். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியது. நான் கொல்லையிலிருந்து ஓடி வருகிறேன், இவர் சமையலறையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கட்டிக்கொண்டு வந்தவள் உழைத்தால் என்ன, வீடு எரிந்தால் என்ன என்று மரத்துப்போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அன்று அழுதேன்.

அதோடு ஒரு புதுக் கெட்ட பழக்கமும் சேர்ந்தது. ஷெட்டில் கை துடைத்த துணியைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசைமேல் போடுவார்.

"ஏங்க, டீசல் நாத்தம் வீட்டையே தூக்குது! இதைச் சாப்பிடற எடத்துலயா போடுவாங்க?" என்று கத்துவேன். மறுநாள், "இன்னிக்கு ஆயில் துணியா? இந்த மேசை என்ன பாவம் பண்ணுச்சு?" என்பேன். அவர் நிம்மதியான முகத்தோடு துணியை எடுத்துக்கொண்டு கை கழுவப் போவார். அந்த நிம்மதியைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி ஏழு மாதம் போயிற்று.

எங்கள் ஆஸ்பத்திரியில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இருபத்தைந்து வருஷத்து டீசல் கார் ஒன்று உண்டு. அதற்கடியில் எண்ணெய் சொட்டுகிறது என்று இவரிடம் விட்டாள். இவர் பவுடர் தூவிப் பார்த்து, மேல் மூடியின் கேஸ்கட்தான் என்று கண்டுபிடித்து மாற்றினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்.

"இவ்வளவு ஒழுகியும் ஆயில் குறையவே இல்லண்ணா. நான் ஒரு சொட்டு ஊத்தல."

ஒழுகுகிற இன்ஜினில் ஆயில் எப்படிக் குறையாமல் இருக்கும்? அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றதாம். டீசல் பம்புக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தால் டீசல் உள்ளுக்குள்ளேயே ஆயிலில் கலந்து, அளவு ஏறும். அப்படி ஏறிக்கொண்டே போனால் ஒரு நாள் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிக் குடித்துத் தானாகச் சீறும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. ஆனால் முன்பு பார்த்த மெக்கானிக் அதிகமாக ஊற்றியிருந்தாலும் அளவு அப்படித்தான் நிற்கும். விரலில் தேய்த்தால் தெரியாது, சூடான பழைய ஆயில் எல்லாமே தண்ணீராகத்தான் இருக்கும். மோந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் கம்பியைத் துடைத்த துணி எங்கள் மேசைக்கு வந்தது.

அன்றைக்கு எங்கள் பிரிவில் இரண்டு பேர் வரவில்லை. மூன்று ஆள் வேலையை நான் ஒருத்தி செய்திருந்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த மனுஷனோடு இனிமேல் மல்லுக்கு நிற்கப் போவதில்லை, துணியை மேசைமேல் போடட்டும், தலையில் போட்டுக்கொள்ளட்டும். துணியைப் பார்த்தேன். வாடையும் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

அவர் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. துணியை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? சொல்லிச் சொல்லி வாய்தான் வலிக்குது."

"வாடை ஒண்ணும் வரலையே?"

"நான் ஒண்ணும் சொல்லல சாமி, ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கே காரை ஒப்படைத்துவிட்டு, "கேஸ்கட்தான், முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே வந்து டீயைக் கையில் எடுத்தார். நான் வாளியில் சட்டைகளை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சட்டைப் பைக்குள் நேற்றைய துணி கையில் பட்டது.

"இந்தா பாருங்க, இனிமே இப்படி டீசல்ல முக்கின துணியச் சட்டைக்குள்ள வெக்காதீங்க. அத்தனையும் நாறுது."

டம்ளர் வாய்க்குப் போகவில்லை.

"டீசலா? நெஜமா டீசலா?"

"பின்னே பன்னீரா?"

"ஏன் நேத்தே சொல்லல?" டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "தினமும் சொல்லுவியே. நேத்து மட்டும் ஏன் சொல்லல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எந்த வாடையும் தெரியல. பால் வாடை, டீசல் வாடை, எதுவும் இல்ல. நீ திட்டறத வெச்சுத்தான் ஏழு மாசமா ஓட்டிட்டு இருக்கேன். வெளிய தெரிஞ்சா ஷெட்டுப் பக்கம் எவன் வருவான்?"

அடிக்கலாமா அணைக்கலாமா என்று தெரியாமல் ஈரக் கையோடு நின்றேன். எதற்கும் நேரமில்லை. நர்ஸுக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அவள் போகும் வீடுகள் எனக்குத் தெரியும், அந்த வீடுகளின் விரிப்புகள் என் கைவழியாகத்தான் போகின்றன. ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டு வழி சொன்னேன். முதல் வீட்டில் இல்லை. இரண்டாவது வீட்டைவிட்டுக் கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. மூன்றாவது வீட்டுக்கு முன்னால் கார் நின்றது. அடுத்த வீடு மேட்டுக்கு மேலே, இன்ஜினை முறுக்கித்தான் ஏற்ற வேண்டும்.

அவள் பையோடு வெளியே வந்தபோது இவர் பானட்டைத் திறந்து கம்பியை உருவியிருந்தார். உருவியவர் அதைத் தன் மூக்கருகே கொண்டுபோகவில்லை. தெருவில் நாலு பேர் பார்க்க என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு."

பார்த்தேன். "டீசல்தான். சந்தேகமே இல்ல."

நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா எதுக்கு மோந்து பாக்கறாங்க? உங்க மூக்குக்கு என்னண்ணா ஆச்சு?"

அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சளி என்று சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள்.

"என் மூக்கு போயிடுச்சும்மா. தெரியாமயே உன் வண்டிய நல்லா இருக்குன்னு குடுத்துட்டேன். தப்பு என்னோடது. இதை ஸ்டார்ட் பண்ணாத."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? டாக்டரப் பாத்தீங்களா?" என்றாள் அவள். பிறகு மேட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."

ஒரு வேனைப் பிடித்து, காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். பம்பைப் பிரித்தார், ரப்பர் கிழிந்துதான் இருந்தது. மறுநாளே விஷயம் தெரு முழுக்கப் பரவியது. சில பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டர், மோப்பம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். விடுமுறை நாட்களில் நான் ஷெட்டுக்குப் போய் வரிசையாகக் கம்பிகளை மோந்து கொடுக்கிறேன். இப்போது மோப்பக்காரி என்று எனக்கும் பேர் வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. ஏழு மாதம் நான் ஆக்கிப் போட்டதை மணம் தெரியாமலே சாப்பிட்டிருக்கிறார். ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. நான்தான் அவர் மரத்துப்போய்விட்டார் என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

இன்றும் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. வந்து நாற்காலியில் விழுந்தவளுக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, துணியை மேசைமேல் போட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெறும் ஆயில்தான். டீசல் இல்ல" என்றேன். "பால் இன்னும் பொங்கல. போய்க் கைய கழுவுங்க."